பிஸ்கட்டில் பழகிய நற்கருணை

என் மகளுக்குப் பதினொரு வயது முடிந்தும் புது நன்மை கிடைக்கவில்லை. வெளியாட்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. பூசையில் பாதர் அர்ப்பணித்துத் தரும் அப்பம் இயேசுவின் உடலேதான் என்பது எங்கள் விசுவாசம். நற்கருணை, நன்மை என்றெல்லாம் சொல்லும் அந்த அப்பத்தைப் பிள்ளைகள் முதன்முறையாக வாங்குவதைத்தான் புது நன்மை என்போம். எட்டு, ஒன்பது வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது நடந்துவிடும். ஒரு வருடம் மறைக்கல்வி வகுப்புக்குப் போகவேண்டும், கேள்வி பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்யவேண்டும், பாதர் முன்னால் ஒப்பிக்கவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்கள் வீட்டு வாசலில் மலை மாதிரி நின்றது.

அவள் பிறந்தபோது அழ நேரமாகிவிட்டது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். உடம்பு வளரும், புத்தி நான்கு வயதோடு நின்றுவிடும் என்றார்கள். இருபது, முப்பது வார்த்தை பேசுவாள். பசித்தால் சொல்வாள், வலித்தால் சொல்லமாட்டாள். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் உட்காரவைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கல்யாணம், வேலை எதுவும் அவளுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. கோயிலில் எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றை மட்டும்தான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நன்மை வாங்க எல்லோரும் வரிசையில் போகும்போது அவளும் எழுந்து என் பின்னால் வந்துவிடுவாள். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனால் கத்துவாள். பாதர் எனக்கு அப்பத்தைக் கொடுப்பார், அவள் நெற்றியில் சிலுவை போடுவார். அவள் நகரமாட்டாள். வாயைத் திறந்தபடி நிற்பாள். பின்னால் இருப்பவர்கள் இருமுவார்கள். நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி இழுத்துக்கொண்டு வருவேன். மூன்று வருடமாக வாரா வாரம் இதே கதை. வாயில் ஆண்டவரை வைத்துக்கொண்டு மனதுக்குள் நான் யாரையெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

இத்தனைக்கும் என் புது நன்மையின் லட்சணம் எனக்குத் தெரியும். எட்டு வயதில் புத்தகம் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. மூன்று ஆட்கள், ஒரே கடவுள் என்று சொன்னேன். ஏன் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளிக்குக் கிடைத்தது, ஒப்பிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கிடைக்காதா என்று இந்த மூன்று வருடமும் என் வயிறு எரிந்தது.

சும்மா எரிந்தால் போதுமா? தினமும் பாடம் வைத்தேன். ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் ஏழு மணிக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் அவளுக்குத் தலை வாரும்போதுதான் அவள் ஓரிடத்தில் உட்காருவாள். அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் வகுப்பு. வாரத்துக்கு ஒரு கேள்வி. உன்னைப் படைத்தது யார், எதற்காகப் படைத்தார், கட்டளைகள் எத்தனை, அருட்சாதனங்கள் எத்தனை. கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, பின்னலை இழுத்து முடிப்பேன். அவள் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொள்வாள். ‘ஏழு’ என்பாள். மறுநாள் உன்னைப் படைத்தது யார் என்றாலும் ‘ஏழு’ என்பாள்.

இந்தப் பாடத்தால் மறைக்கல்வி தேறியவள் நான்தான். தினம் தினம் வாயால் சொல்லிச் சொல்லி, சின்ன வயதில் புரியாததெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது புரிய ஆரம்பித்தது. பாவத்துக்கு மனம் வருந்துவது வேறு, மாட்டிக்கொண்டதற்கு வருந்துவது வேறு என்று ஒருநாள் ஷூவின் நாக்குத் தோலைத் தைத்துக்கொண்டிருக்கும்போது சுரீரென்று உறைத்தது. பக்கத்து மெஷின்காரி, இன்னா உனக்குள்ளயே பேசிக்கினு கீற என்று கேட்டாள். எனக்கு உறைத்து என்ன பிரயோசனம்? தேறவேண்டியவள் வீட்டில் ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறைக்கல்வி வகுப்பிலிருந்து இரண்டு வருடம் திருப்பி அனுப்பினார்கள். ‘இன்னும் கொஞ்சம் பக்குவம் வரட்டும்.’ என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். எட்டு மணி நேரம் ஈரத்தோலைப் புரட்டிவிட்டு வந்து படுக்கும் மனிதர். கோபமே வராது, அதுதான் எனக்குக் கோபம். விடு, அவ பாவமே செய்யாதவ, அவளுக்கு இதெல்லாம் எதுக்கு என்பார். இதையே கோயிலிலும் சொன்னார்கள். அவள் தேவதையாம், தேவதைக்கு நன்மை தேவையில்லையாம். தேவதை என்று புகழ்ந்துவிட்டால் பந்தியில் இலை போடவேண்டாம் போலிருக்கிறது.

மூன்றாவது வருடம் மறைக்கல்வி வகுப்புக்குப் புது சிஸ்டர் வந்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். நான் அழுதுகொண்டே பேசியதை முழுவதும் கேட்டுவிட்டு, பாதரிடம் பேசிச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் கூப்பிட்டனுப்பினார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் முழுவதும் தேவையில்லையாம். அது சாதாரணத் தின்பண்டம் இல்லை, அது இயேசு என்று பிரித்துத் தெரிந்தால் போதுமாம். பாதரே ஒருநாள் கேட்டுப் பார்ப்பாராம்.

‘ஒரே ஒரு கேள்விதாம்மா’ என்றார் சிஸ்டர். ‘அதை மட்டும் நல்லா புரிய வைங்க.’

வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். ஒரே ஒரு கேள்வி. மூன்று மாதம் இருக்கிறது. எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது எனக்கு வழி தெரிந்தது. அது எங்கள் கம்பெனி வழி. தையலுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தால் அவள் கையில் எடுத்தவுடன் நல்ல தோலைக் கொடுக்கமாட்டார்கள். கட்டிங்கில் மிஞ்சிய துண்டுத் தோலில் சில்வர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்து, அதன் மேலேயே நாள் முழுக்கத் தைக்கச் சொல்வார்கள். கை பழகிய பிறகுதான் நல்ல தோல். நான் அப்படித்தான் பழகினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நானே அப்படிப் பழக்கியும் இருக்கிறேன். நல்ல அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. துண்டுத் தோலுக்கு எங்கே போவேன்? பேக்கரியில் வட்டமாக, சின்னதாக உப்பு பிஸ்கட் இருந்தது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். வலது கை மேல் இடது கையை வைக்கச் சொன்னேன். பிஸ்கட்டை அவள் கண்ணுக்கு நேராக உயர்த்தினேன். இது யாரு? இயேசப்பா. இது யாரு? இயேசப்பா. ஆமென் சொல்லு. ஆமென். இப்போ வாங்கி வாய்ல போட்டுக்கோ. அவள் பிடித்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவள் இவ்வளவு சீக்கிரம் எதையும் பிடித்துக்கொண்டதில்லை. பத்தே நாளில், நான் கேட்பதற்கு முன்பே, பிஸ்கட்டைப் பார்த்ததும் கையைக் குவித்து, ‘இயேசப்பா’ என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நான் கம்பெனிக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு பாய் வீட்டு அக்கா. ஒருநாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார். விருந்தாளிகளுக்கு டீயும் பிஸ்கட்டும் தட்டில் வைத்தாராம். என் மகள் தட்டுக்கு முன்னால் முட்டி போட்டுக் கையைக் கூப்பிவிட்டாளாம். வந்தவர்கள் பயந்துபோய்விட்டார்களாம். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? எவ்வளவு தூரம் தேறிவிட்டாள் பார் என்று பெருமைப்பட்டேன். கண்ணுக்கு எதிரே விஷயம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தினமும் வேலைக்கு நடுவில் முழு மறைக்கல்வியையும் ஓதிக்கொண்டிருந்த மேதாவி நான்.

பாதர் கேட்ட நாள் ஒரு சனிக்கிழமை. கோயிலை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் பாதர், சிஸ்டர், நான், என் மகள். பாதர் இளவயசுக்காரர், பிள்ளைகள் என்றால் பிரியம். அவளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவரே யோசித்து, ஒரு தட்டில் இரண்டு பொருட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒன்று, பூசையில் வைக்காத வெறும் அப்பம். இன்னொன்று பிஸ்கட்.

வீட்டில் அவள் மூன்று மாதம் இயேசப்பா என்று கும்பிட்டது இதைத்தான். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

‘இதுல இயேசப்பா எதும்மா?’ என்று பாதர் குனிந்து கேட்டார்.

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. பிஸ்கட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராக உயர்த்தினாள், ஆமென் என்றாள், வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் செய்தால் நான் கட்டிக்கொள்வேன் அல்லவா, அதற்காக.

யாரும் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. பாதர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார். வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று சிஸ்டர் கேட்க, சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், வருத்தமாகத்தான் சொன்னார். வழியெல்லாம் எனக்கு ஒரு குதர்க்கம் ஓடியது. அந்தத் தட்டில் இருந்த இரண்டுமே இயேசு இல்லை. பூசையில் வைக்காத அப்பமும் வெறும் மாவுதான். என் மகள் இரண்டையும் தள்ளிவிட்டிருந்தால் என்ன மார்க் போட்டிருப்பார்கள்? கேள்வியே தப்பு என்று பாதரிடம் போய்ச் சண்டை போடலாமா என்றுகூட நினைத்தேன். கேள்வி தப்பாக இருந்தாலும், பிஸ்கட்டைக் கும்பிடக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை எழுதக் கை வரவில்லை. கற்றுக்கொடுத்ததை அழிக்கப் பார்த்தேன். காலையில் தலை வாரும்போது பிஸ்கட்டைக் காட்டி, இது பிஸ்கட், இயேசப்பா இல்ல என்பேன். அவள் இயேசப்பா என்பாள். இல்ல என்பேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இன்னும் சத்தமாக இயேசப்பா என்பாள். மூன்று மாதம் கட்டிக்கொண்டு அழுத அம்மா இப்போது ஏன் கத்துகிறாள் என்று அவளுக்கு எப்படிப் புரியும்? ஒருநாள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கையைக் குவித்துக்கொண்டு விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சீப்பாலேயே அவள் கையில் அடித்துவிட்டேன். குவித்த கையின் மேல். பல்லு பல்லாகச் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

‘எங்க புள்ளைங்களும் அர்த்தம் தெரியாமதாம்மா ஓதுதுங்க’ என்றார். ‘அல்லா கோச்சுக்கிறாரா இன்னா? நீ ஏன் இப்டி பேஜாராவுற?’

அன்று நான் தைத்த ஜோடிகளில் பாதி கோணல். சூப்பர்வைசர் திட்டியது காதில் விழவில்லை. நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

புது நன்மைப் பண்டிகை அந்த ஞாயிறு. ஒன்பது பிள்ளைகள் வெள்ளை உடையில், கையில் மெழுகுவர்த்தியோடு முன்வரிசையில். என் மகளை நான் நடுவில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் எல்லோரும் அப்பத்தைக் கையில்தான் வாங்குகிறோம். பாதர் முன்னாலேயே வாயில் போட்டுக்கொள்ளவேண்டும், இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அதுவும் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அவளை என் சொந்த அக்காவின் மகளோடு பெஞ்சில் விட்டுவிட்டு, அவள் கத்தினாலும் கத்தட்டும் என்று நான் மட்டும் போனேன். கூட்டத்தில் பாதர் என் கையில் வைத்தார். நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. மூடிய உள்ளங்கையோடு திரும்பி நடந்தேன்.

திருடியதில்லை நான். ஒரு துண்டு நூல்கூட கம்பெனியிலிருந்து எடுத்ததில்லை. அந்த இருபது தப்படி நடப்பதற்குள் முதுகு வேர்த்து ஜாக்கெட் ஒட்டிக்கொண்டது. யாரும் தராவிட்டால் நான் தருகிறேன், பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று ஆண்டவரிடமே வாதாடிக்கொண்டு நடந்தேன். நான் வந்ததும் அக்கா மகள் எழுந்து வரிசைக்குப் போனாள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கையைத் திறந்து, அப்பத்தைப் பாதியாக உடைத்தேன். அவள் வாய்க்கு நேராக நீட்டினேன்.

தின்ன எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை அவள். கசப்பு மருந்தையும் குடித்துவிடுவாள். அவள் என் கையில் இருந்ததைப் பார்த்தாள். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். அவள் பீடத்தின் பக்கம் கையை நீட்டினாள்.

‘அம்மா இல்ல’ என்றாள். ‘பாதர்.’

பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளங்கையை மூடிவிட்டாள்.

அந்த இரண்டு துண்டுகளையும் நானே வாயில் போட்டுக்கொண்டேன். மூன்று மாதமாக என் கையால், இதே வார்த்தைகளைச் சொல்லி, எத்தனை பிஸ்கட் கொடுத்திருப்பேன். ஒருமுறைகூட அவள் அம்மா இல்ல என்று சொன்னதில்லை. வீட்டில் நான் கொடுத்தது வேறு, இது வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, எனக்குத் தெரியாது. பிரித்துத் தெரிந்தால் போதும் என்றார்களே, அது இதுதான். ஆனால் பார்த்தது நான் ஒருத்தி. சாட்சி சொல்லவேண்டுமென்றால் என் திருட்டைச் சொல்லவேண்டும்.

அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வருந்தத்தான் போனேன், ஆனால் உள்ளே ஒரு கள்ளக் கணக்கும் இருந்தது: பாவத்தைச் சொன்ன மாதிரியும் ஆகும், பாதருக்கு விஷயம் தெரிந்த மாதிரியும் ஆகும், ஊருக்குத் தெரியாமலும் போகும். சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பாதர் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போதாவது அவளுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

பாதர் தட்டிப் பக்கமாக இன்னும் குனிந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

‘இங்க கேட்டத இங்கயே விட்டுட்டுதாம்மா நான் எழுந்து போவணும். இத வச்சு வெளிய நான் எதுவும் செய்ய முடியாது. உங்க புள்ள இன்னா சொல்லிச்சுன்னு வெளிய எனக்குத் தெரியாது.’

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பாவசங்கீர்த்தன ரகசியம். பாதர் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது, உயிரே போனாலும் சொல்லக் கூடாது. பின்னலை இழுத்து இழுத்து எத்தனை காலை நான் சொல்லிக்கொடுத்த பாடம். இருந்த ஒரே சாட்சியை, யாரும் திறக்க முடியாத ஒரே பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். பாவ மன்னிப்புக் கொடுத்தார். அதற்கு எந்த நிபந்தனையும் இல்லை என்றார். வெளியே சொல்வதும் சொல்லாததும் என் இஷ்டம், அதற்காக மன்னிப்பு நிற்காது என்றார். மன்னிப்பு கிடைத்தும் என் வாழ்நாளில் அவ்வளவு நிராதரவாக நான் நின்றதில்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் மகளை வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். பாதர் இருந்தார், சிஸ்டர் இருந்தார். கையெழுத்து வாங்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். நின்ற இடத்திலேயே ஆரம்பித்தேன். போன ஞாயிறு நன்மையை வாங்கி நான் சாப்பிடாமல் கையில் மறைத்து என் மகளிடம் கொண்டுபோனேன் என்றேன். சிஸ்டர் கை நெஞ்சுக்குப் போனது. கையெழுத்துக்கு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும். பாதர் முகத்தைப் பார்த்தேன். முந்தின நாள் ஒரு வார்த்தைகூடக் கேட்காத மனிதர் மாதிரி, இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

‘நற்கருணையைத் திருடிப் புள்ளைக்குக் குடுத்தியாம்மா?’ என்றார் சிஸ்டர்.

‘நான் குடுத்தேன் சிஸ்டர்’ என்றேன். ‘அவ வாங்கல.’

அவள் சொன்ன வார்த்தைகளையும், என் விரல்களை மடக்கியதையும் சொன்னேன். என்னை இனிமேல் வரிசையில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். போதும் என்று யாராவது நிறுத்தும்வரை சொல்லியிருப்பேன். பாதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டி வெளியே போனார். மரத்தடியில் என் மகள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.